மனநல மருந்துகளும் பக்கவிளைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் பிரிவில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை, மாத்திரையைக் கையில் வாங்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. உங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் டாக்டரின் வேலை. ஆனால் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்ல இந்தப் பதில்கள் உதவும்.

இதெல்லாம் தூக்க மாத்திரைதானே?

இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், ஃப்ளூஆக்ஸெடின் ஒரு வகை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் இன்னொரு வகை. மனநிலை ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம், வால்ப்ரோயேட். பதற்றத்துக்குக் கொஞ்ச நாள் மட்டும் கொடுப்பவை லொராசெபாம், குளோனசெபாம் போன்றவை.

இவற்றில் பல மருந்துகளுக்குத் தூக்கம் ஒரு பக்கவிளைவுதான். ஃப்ளூஆக்ஸெடின் சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கும், அதனால்தான் அதைக் காலையில் போடச் சொல்கிறார்கள். பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்கள் என்றால் ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். போடும் நேரத்தை மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருந்த தாள்ல வலிப்பு நோய்க்குன்னு போட்டிருக்கு. எனக்கு வலிப்பே கிடையாதே, மாத்திக் குடுத்துட்டீங்களா?

வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், கார்பமசெபின் வாங்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. இவை வலிப்புக்கும் பயன்படும், இருமுனைக் கோளாறுக்கும் பயன்படும். ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனோலாலும் இந்தப் பிரிவில் நிறையவே எழுதப்படுகிறது. ஏன் என்று பின்னால் ஒரு கேள்வியில் வரும்.

இந்தத் துறையின் முக்கியமான மருந்துகள் சில வேறு வேலைக்கு வந்தவைதான். 1952இல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட குளோர்ப்ரோமசின், அதற்கு முன் அறுவை சிகிச்சையின்போது நோயாளியை அமைதிப்படுத்தப் பயன்பட்டது. ஐப்ரோநியாசிட் காசநோய் மருந்து. அதைச் சாப்பிட்டவர்கள் சிலர் உற்சாகமாக இருப்பதைக் கவனித்த பிறகே அது மனச்சோர்வுக்கு வந்தது. இருந்தாலும் நீங்கள் கேட்டது நல்லது. சீட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அவருக்கு வெறும் 4 மி.கி., எனக்கு 400. எனக்கு அவ்வளவு முத்திப் போச்சா?

காத்திருக்கும் பெஞ்சில் ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கிப் பார்ப்பதால் வரும் பயம் இது. மில்லிகிராம் என்பது அந்த மருந்தின் எடை, அவ்வளவுதான். ரிஸ்பெரிடோன் 4 மி.கி.யும் சாதாரண அளவு, இன்னொரு மனச்சிதைவு மருந்தான குவெட்டியபின் 400 மி.கி.யும் சாதாரண அளவு. நோயின் கடுமைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு இல்லை.

ஒரு வாரமாப் போடுறேன், குமட்டல்தான் மிச்சம். மருந்து எனக்கு ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்?

மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலும் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். பாதியில் விடுபவர்களில் நிறையப் பேர் இந்த இடைவெளியில்தான் விடுகிறார்கள். செர்ட்ராலின் போன்றவை செரட்டோனின் என்ற பொருளை ஒட்டி வேலை செய்கின்றன. உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அதனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதலில் எட்டிப் பார்க்கும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசு தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், முழுப் பலன் தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகலாம்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்ப வாரங்களில் இதுவரை இல்லாத எரிச்சல், நிலைகொள்ளாமை, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது குறித்து மருந்து அட்டைகளில் தனி எச்சரிக்கையே உண்டு. அமெரிக்காவில் 2004இல் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்து, 2007இல் இளைஞர்களுக்கும் நீட்டித்தார்கள். இன்னொரு பக்கம், தூக்கமே இல்லாமல் திடீரென்று அளவுக்கு மீறிய உற்சாகமும் ஓயாத பேச்சுமாக மாறினாலும் சொல்ல வேண்டும். உள்ளே இருமுனைக் கோளாறு இருப்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான். நோய் அதிகமாயிடுச்சா?

இந்தத் தொகுப்பை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான் என்றும் சொல்லலாம். இதைக் கேட்ட ஒரு அம்மாவின் மகன், இருபது வயது இருக்கும், அப்போது ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் உட்காருவார், உடனே எழுவார். நின்ற இடத்திலேயே எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றி மாற்றி நடப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தார். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடக்கிறான், ஒரே மாதத்தில் செருப்பின் குதிகால் தேய்ந்துவிட்டது என்றார் அம்மா. வெறி ஏறிவிட்டது, மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லப் போகிறோம் என்றார்கள் கூட வந்தவர்கள்.

டாக்டர் அந்தப் பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “மனசு பதறுதா, கால் பதறுதா?” “கால்தான் சார். உள்ளுக்குள்ள இருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு. உட்கார்ந்தா செத்துடலாம் போல இருக்கு.” இதற்கு அகதீசியா என்று பெயர். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனச்சிதைவு மருந்துகளைத் தொடங்கிய முதல் நாட்களிலோ வாரங்களிலோ, அளவைக் கூட்டிய பிறகோ வரும். வெளியிலிருந்து பார்த்தால் நோய் முற்றியதுபோலவே தெரியும். அப்படி நினைத்து மருந்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். தாங்க முடியாத தவிப்பு இது. இதனால் தற்கொலை வரை யோசித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு அளவைக் குறைத்து, மேலே சொன்ன ப்ரோப்ரனோலாலைச் சேர்த்தார்கள். அடுத்த முறை வந்தபோது அம்மா மருந்து வாங்கி முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது இப்படி நடந்துகொண்டே இருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டச் சொல்லவும் வேண்டாம். மருந்து தொடங்கிய தேதியையும் நடக்கத் தொடங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழுத்து ஒரு பக்கமாத் திருகிக்கிச்சு, கண்ணு மேல சொருகி நாக்கு வெளியே தள்ளிடுச்சு. பார்க்கவே பயமா இருந்துச்சு. அது என்ன?

அதே வகை மருந்துகளால் வரும் தசை இறுக்கம். ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு இளைஞர்களுக்குச் சில மணி நேரத்திலோ முதல் சில நாட்களிலோ வருவதுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ப்ரோமெத்தசின் போன்ற ஒரு ஊசியில் சில நிமிடங்களில் இறங்கிவிடும். தொண்டை தசை இறுகினால் மூச்சு முட்டும் என்பதால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ‘இந்த மருந்தில் எனக்கு இப்படி ஆனது’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பல மாதம், பல வருடம் சாப்பிட்ட பிறகு வரும் அசைவு வேறு. வாய் மென்றுகொண்டே இருப்பது, நாக்கு துழாவுவது, உதடு குவிவது என்று தானாக நடக்கும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை மாற்றிச் சமாளிக்க வாய்ப்பு அதிகம். இதற்கென்றே வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற மருந்துகள் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஆறு மாசத்துல 12 கிலோ ஏறிட்டேன். வாயைக் கட்டலைன்னு வீட்ல எல்லாரும் திட்டுறாங்க.

வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும். மனச்சிதைவு மருந்துகளில் ஒலான்சபினும் க்ளோசபினும் எடை ஏற்றுவதில் முன்னணியில் இருப்பவை. வயிறு நிறைந்தது என்ற உணர்வையே மந்தமாக்கி, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்க வைக்கின்றன. அந்தப் பசி மருந்து கொடுத்த பசி. அதற்காக ஒருவரைத் திட்டுவது நியாயமே இல்லை.

மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு நான்கையும் பார்த்துக் குறித்து வைப்பது முறை. முதல் சில வாரங்களிலேயே மளமளவென்று ஏறினால் அப்போதே சொல்ல வேண்டும், ஏறிய எடையை இறக்குவதைவிட ஏறாமல் பிடிப்பது எளிது. அரிப்பிப்ரசோல் போல எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாற்றலாமா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். தாகமும் சிறுநீரும் திடீரென்று அதிகமானால் சர்க்கரையைப் பாருங்கள்.

லித்தியத்துக்கு எதுக்கு இத்தனை தடவை ரத்தம் எடுக்கிறாங்க?

லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949இல் இதைப் பற்றி எழுதினார். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இது பரவலான பாதுகாப்பான மருந்தானது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்தான் சரியாகக் காட்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் எண் தவறாக ஏறியிருக்கும், அதை வைத்து அளவைக் குறைத்துவிடுவார்கள். லித்தியம் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் அவை இரண்டையும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

கை லேசாக நடுங்குவதும் தாகம் எடுப்பதும் பலருக்கு இருக்கும். நடுக்கம் பெரிதாகி, வாந்தி வயிற்றுப்போக்கோடு நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அது நஞ்சின் அடையாளம். அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ஏறும். உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் ஏறும். மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று யாரையும் கேட்காமல் வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளாலும் ஏறும். வலிக்கு பாராசிட்டமால் போதும்.

இந்த மாத்திரைக்கு அடிமையாயிடுவேனா?

மாத்திரையைப் பொறுத்தது. லொராசெபாம், அல்ப்ரசோலாம், குளோனசெபாம் போன்றவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், அதே பலனுக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும். பல நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். பழைய சீட்டைக் காட்டி இவற்றை வாங்க வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது என்மேல் கோபப்படுவார்கள். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன், தொடர வேண்டும் என்று தோன்றினால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மதுவோடு இவை சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

மனச்சோர்வு மருந்துகள் அப்படி இன்னும் இன்னும் என்று ஏங்க வைப்பதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு எதிர்ப்பைக் காட்டும். தலைசுற்றல், குமட்டல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் மின்சாரம் பளிச்சென்று பாய்வதுபோன்ற அதிர்வு வரும். பேராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம். ஃப்ளூஆக்ஸெடின் உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதில் குறைவு.

இப்ப நல்லா இருக்கேன். இனி எதுக்கு மாத்திரை?

நன்றாக இருப்பதில் மருந்துக்கும் பங்கு இருக்கலாம். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்ததென்றால் வருடக்கணக்கில் நீளும். மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் இன்னும் நீண்ட காலம் தேவைப்படும்.

நிறுத்த ஆசைப்படுவது தவறில்லை, எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாக இறக்கலாம். இறக்கும்போது முந்தைய பதிலில் சொன்ன அதிர்வும் தலைசுற்றலும் வந்தால், நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நிறுத்திய சில நாட்களிலேயே வந்தால் பெரும்பாலும் மருந்து விலகுவதால் வருவது. நோய் பொதுவாக அதைவிட மெதுவாகத்தான் திரும்பும்.

ராத்திரி போட மறந்துட்டேன். காலையில ரெண்டாப் போடலாமா?

வேண்டாம். விட்டது விட்டதுதான், அடுத்த வேளையை வழக்கம்போலப் போடுங்கள். இரண்டு மருந்துகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். க்ளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்துதான் ஏற வேண்டும். லாமோட்ரிஜினை ஐந்து நாளுக்கு மேல் விட்டிருந்தாலும் அப்படித்தான், ஆரம்ப அளவிலிருந்து வர வேண்டும். இரண்டிலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சொல்லவே கூச்சமா இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து தாம்பத்தியத்துல நாட்டமே இல்லை. இது மாத்திரையாலா, மனசாலா?

இரண்டாலும் வரலாம். மனச்சோர்வே நாட்டத்தைக் குறைக்கும். செர்ட்ராலின், பேராக்ஸெடின் வகையும் நாட்டத்தைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். மருந்துக்கு முன் எப்படி இருந்தது என்று யோசித்தால் விடை பாதி கிடைத்துவிடும். அளவைக் குறைக்கலாம், புப்ரோபியான் அல்லது மிர்ட்டசபின் என்ற வேறு மனச்சோர்வு மருந்துக்கு மாற்றலாம். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். பலர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன், டாக்டர் படித்துவிட்டு இயல்பாகப் பேசத் தொடங்கிவிடுவார்.

ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் மார்பில் பால் சுரப்பதும் உண்டு. ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் வருவது, ரத்தப் பரிசோதனையில் தெரியும். கர்ப்பமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றதால் கரு தங்காது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

குழந்தைக்கு முயற்சி பண்றோம். எல்லா மாத்திரையையும் இன்னைக்கே நிறுத்திடட்டுமா?

இன்றைக்கே நிறுத்த வேண்டாம், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மருந்துக்கு மருந்து கணக்கு வேறு. வால்ப்ரோயேட்தான் மிகவும் கவலைக்குரியது. கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கலும் வருகின்றன. அதனால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் செர்ட்ராலின் போன்றவற்றைக் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடர்பவர்கள் நிறைய. சிகிச்சை இல்லாத கடும் மனச்சோர்வும் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்று: கார்பமசெபின் சாப்பிடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கிறேன். தப்பா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் கேட்பார்கள். எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்த பிறகு இந்த முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் இது வேண்டாம். பாதித் தட்டு மிச்சமானால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அகதீசியாவோ கழுத்துத் திருகலோ வந்தால் தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்கே புரியாது, டாக்டரிடம் சொல்லவும் முடியாது. எப்போதாவது தெரியவந்தால் அப்புறம் வீட்டில் யார் கொடுக்கும் சாப்பாட்டையும் தொட மாட்டார். ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்ற சந்தேகம் ஏற்கெனவே உள்ள நோயாளிக்கு அது எப்படிப்பட்ட அடி என்று யோசியுங்கள்.

அவர் ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பல நேரம் ஒரு பக்கவிளைவுதான் காரணமாக இருக்கும், அதைச் சரிசெய்தால் ஒத்துக்கொள்வார். தினம் மாத்திரை என்பதே தொல்லை என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன, பாலிபெரிடோனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. தனக்கும் பிறருக்கும் ஆபத்தான நிலை என்றால் வீட்டில் வைத்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் நிலைமையை முழுதாகச் சொல்லுங்கள்.

லேசாக் காய்ச்சல், தோல்ல சின்னத் தடிப்பு. இதுக்கெல்லாமா ராத்திரியில ஓடணும்?

சில மருந்துகளில் ஓடத்தான் வேண்டும். லாமோட்ரிஜின், கார்பமசெபின் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் வரும் தடிப்பு, அதிலும் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்போடு வந்தால் தோலே உரியும் நிலைக்குப் போகலாம். லாமோட்ரிஜினை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது இதைத் தவிர்க்கத்தான். ‘மெதுவாகக் கூட்டுகிறார்’ என்று நீங்களாக இரண்டு மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

க்ளோசபினில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றைக்கே ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும். நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அவை அபாயமாகக் குறையும், ஆனாலும் ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். க்ளோசபினில் மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்த வேண்டாம், குடலே அடைத்துப்போனவர்கள் உண்டு. புகைப்பதை விட்டால் ரத்தத்தில் க்ளோசபின் ஏறும், விடுவதற்கு முன் சொல்லிவிட்டு விடுங்கள். மனச்சிதைவு மருந்து சாப்பிடுபவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டைபோல விறைத்து, வியர்த்து, நினைவு குழம்பினால் அது உயிர் ஆபத்து. லித்தியம் நஞ்சின் அடையாளங்களை மேலே சொல்லியிருக்கிறேன், அவற்றையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவிளைவைச் சொன்னா ‘அப்படித்தான் இருக்கும்’னு சொல்லி அனுப்பிடுறாங்க. நான் என்ன பண்றது?

அப்படி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொன்னால் கூட்டத்துக்கு நடுவே எந்த டாக்டருக்கும் பிடி கிடைக்காது. எப்போது தொடங்கியது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதனால் எந்த வேலை செய்ய முடியவில்லை என்ற நான்கையும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவ்வளவு எழுதிக் காட்டியும் கேட்கவில்லை என்றால் வேறு மனநல மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

ஒரு பெண்மணி குழந்தையின் பழைய பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே வரிதான்: “காலை 8 மணி குவெட்டியபின். 9 மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தேன், கண் இருட்டிச் சுவரைப் பிடித்தேன்.” இந்த மருந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் என்பது டாக்டருக்குத் தெரியும், ஆனால் எந்த நேரத்தில் இறக்குகிறது என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. படுத்தவாக்கில் ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை அழுத்தம் பார்த்தார். அளவைக் கொஞ்சம் குறைத்து, முழுவதையும் இரவு படுக்கும்போது போடச் சொன்னார். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து எழச் சொன்னார். அடுத்த மாதம் அந்த நோட்டைக் கொண்டு வந்து என்னிடமும் காட்டினார். மூன்றாம் நாளிலிருந்து அந்த வரி இல்லை.